போனக்கா எழுதிய முதல் புரோகிராம்

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. ரத்த வங்கியில் பதினேழு ஆண்டுகளாகப் போனும் கையுமாக உட்கார்ந்திருந்ததில் "போனக்கா" என்றே ஆகிப்போனது. புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ்கள் ஒருநாளாவது இதில் மாட்டிக்கொள்வார்கள். "போனக்கா எங்க?" என்று கேட்டால், "சாப்பிடப் போனாங்க. போன போனக்கா வந்ததும் போன போனக்காகிட்ட குடுக்கறேன்" என்று லேப் டெக்னீஷியன் நாக்கைச் சுழற்றுவார். புளித்துப்போன அந்த வேடிக்கைக்கு அவளும் ஒவ்வொரு முறையும் சிரித்துவைப்பாள்.

அவள் வேலை இதுதான்: ரத்தம் தேவைப்பட்டால், கொடுக்கக்கூடியவரைக் கண்டுபிடித்து வரவழைக்க வேண்டும். சாதாரண வகை என்றால் குளிர்பெட்டியிலேயே இருக்கும். நெகட்டிவ் வகைகள்தான் உயிரை வாங்கும். அந்த ஊர் முழுவதற்கும் சேர்த்து, கூப்பிட்டால் வரக்கூடிய நெகட்டிவ்காரர்கள் நாற்பத்து மூன்று பேர். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர்களுடைய முழுப்பெயர், விலாசம், போன் நம்பர், வகை, தேதி எல்லாம் இருக்கும். ஆனால் அவர்களை வரவழைப்பது அந்தப் பதிவேடல்ல, போனக்காவின் நீல அட்டை நோட்டு.

அதில் எல்லாரும் அவள் வைத்த பெயரில்தான் இருந்தார்கள். பஸ் டிரைவர்: காலை ஷிப்ட் என்றால் கூப்பிடாதே. கணக்கு டீச்சர்: ஊசியைப் பார்க்கமாட்டார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இரு. தையல்காரம்மா: மகனைப் பறிகொடுத்தவர், குழந்தைகள் வார்டுக்கு என்றால் மட்டும் எதற்கு என்று சொல். வெல்டர் அண்ணன்: பட்டறை நம்பருக்கு மட்டும். வீட்டு நம்பர் உயிர் போகிற அவசரத்துக்கு. மனைவிக்குத் தெரியாது.

வெல்டர் அண்ணன் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டுப் போய்ப் பட்டறையில் மயங்கி விழுந்திருந்தார். மனைவி குழந்தை தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் அவர் வந்தார், ஆறு ஆண்டுகளாக, ஒரு தடவைகூடத் தட்டாமல். "உங்கள நம்பித்தான் நம்பர் குடுக்கறேன்" என்று சொல்லித்தான் அந்த இரண்டாவது எண்ணை எழுதவைத்தார்.

போனக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஆண்டில் பத்து மாதம் கடலில் இருப்பார். ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, ஒரு சின்னக் கம்பெனியில் ஆப் செய்யும் வேலையில் சேர்ந்து, நகரத்தின் மறுகோடியில் தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். வாராவாரம் வருவேன் என்பாள், மாதம் ஒருமுறை எட்டிப்பார்ப்பாள். வந்தாலும் கையில் போனை வைத்துக்கொண்டு "ம்" கொட்டுவதோடு சரி.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா மேசையில் நீல நோட்டை விரித்துவைத்து விரல்விட்டு நாள் எண்ணுவதைப் பார்த்தாள். ஒருமுறை கொடுத்த ஆண்கள் தொண்ணூறு நாள், பெண்கள் நூற்றிருபது நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். வாரக் கடைசியில் யார் யாருக்கு நாள் கூடியிருக்கிறது என்று போனக்கா ஒரு பட்டியல் போட்டுக்கொள்வாள்.

"இத ஒரு புரோகிராம் பண்ணிடலாமேம்மா," என்றாள் மகள்.

"பண்ணிக் குடேன்."

"நான் பண்ணிக் குடுத்தா ஒண்ணு மாத்தணும்னாலும் என்னையே கூப்பிடுவ. நீயே எழுது. நான் சொல்லித் தர்றேன்."

போனக்கா சிரித்துவிட்டாள். நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் மண்டையில் ஏறுமா என்று கேட்டாள். மகள் விடவில்லை. அடுத்த ஞாயிறு தன் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

எல்லாரும் முதல் புரோகிராமில் உலகத்துக்கு வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள் என்றாள். "உலகம் எனக்கு பதில் வணக்கமா சொல்லப்போகுது? நேரா விஷயத்துக்கு வா," என்றாள் போனக்கா. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

கிளாஸ் என்றால் என்ன, ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று மகள் கார், நாய்க்குட்டி என்று எதையெதையோ உதாரணம் சொன்னாள். போனக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அவளே கேட்டாள்: "இரு. கிளாஸ்னா எங்க ஆபீஸ்ல அச்சடிச்சு வெச்சிருக்கற வெத்துப் படிவம். ஒருத்தர் வந்து நிரப்பினா அது ஆப்ஜெக்ட். படிவம் ஒண்ணு, ஆளுங்க நாப்பத்து மூணு. அவ்வளவுதானே?"

மகள் ஒரு கணம் அவளையே பார்த்தாள். "காலேஜ்ல எனக்கு இது புரிய மூணு மாசம் ஆச்சும்மா."

அன்று மாலைக்குள் "கொடையாளர்" என்ற கிளாஸ் தயாரானது. பெயர், ஆணா பெண்ணா, வகை, போன், கடைசியாகக் கொடுத்த தேதி, குறிப்பு. 'புதிது' என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லைத் தட்டினால் ஒவ்வொரு ஆளாகப் பிறந்தார்கள். முதலில் பிறந்தவர் வெல்டர் அண்ணன். திரையில் அவர் பெயர் வந்தபோது போனக்கா நாற்காலியை விட்டு எழுந்து, சமையலறை வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

வாரநாட்களில் வேலை முடிந்து வந்ததும் தானே உட்கார்ந்து தட்டிப்பார்ப்பாள். ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டால் போதும், கம்ப்யூட்டர் ஆர்ப்பாட்டம் செய்யும். அதுவும் பதினாறாம் வரியில் பிழை என்று சொல்லும், பார்த்தால் பிழை பதினைந்தாம் வரியில் இருக்கும். "எங்க சூப்பிரண்டு மாதிரியே இருக்கு. தப்பு ஒருத்தன் பண்ணா பக்கத்துல இருக்கறவன திட்டும்," என்று போனில் மகளிடம் சொன்னாள். இப்போதெல்லாம் மகள் தினமும் கூப்பிட்டாள்.

இரண்டாம் ஞாயிறு பிரைவேட் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டாள். கிளாஸுக்குள் ஒரு விவரத்துக்கு முன்னால் அதைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது என்றாள் மகள்.

"யாருமே?"

"யாருமே. கிளாஸ் அனுமதிச்சாதான்."

போனக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. போனுக்கும் குறிப்புக்கும் முன்னால் அந்தச் சொல்லைத் தானே தட்டினாள்.

மூன்றாம் ஞாயிறு "அழைக்கலாமா" என்ற செயலை எழுதினார்கள். தேதியைப் பார்த்து ஆம், இல்லை என்று பதில் சொல்லவேண்டும். போனக்கா தானே எழுதி ஓட்டினாள். நேற்றுத்தான் ரத்தம் கொடுத்த டீச்சரை அழைக்கலாம் என்றது, ஒரு வருஷமாகக் கொடுக்காத பஸ் டிரைவரை வேண்டாம் என்றது. பெரியது சிறியது குறியைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். "நீ இன்னும் கொஞ்சம் விட்டா அந்த டீச்சர் உயிரையே எடுத்திருப்ப," என்றாள் மகள். குறியைத் திருப்பிப் போட்டதும் எல்லாம் சரியாக வந்தது. இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி என்ன விசேஷம் என்று எட்டிப்பார்த்தாள்.

நான்காம் ஞாயிறு மகள் சொன்னாள்: "ரெண்டு மூணு பேர வெச்சு என்ன டெஸ்ட் பண்றது? நிஜ லிஸ்ட போடும்மா. முழுசா போட்டாத்தான் தப்பு எங்கன்னு தெரியும்."

"குறிப்பெல்லாமுமா?"

"எல்லாமும்தான். பிரைவேட்தானே போட்டிருக்க."

அந்தப் பகல் முழுவதும் போனக்கா நோட்டைப் பார்த்து வாசிக்க, மகள் வேகவேகமாகத் தட்டினாள். நாற்பத்து மூன்று பேர். முடித்ததும் "லேப்டாப் பழசு, கெட்டுப்போனா உழைப்பெல்லாம் வீணாயிடும்" என்று ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டாள். பொறுப்பான பிள்ளை என்று போனக்கா மனதுக்குள் மெச்சிக்கொண்டாள்.

அதற்கப்புறம் மகளுக்கு வேலை கூடிப்போனது. ஐந்தாம் ஞாயிறு வரவில்லை. ஆறாம் ஞாயிறும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ரத்த வங்கி போன் அடித்தது. வெல்டர் அண்ணன். ஆறு ஆண்டுகளில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"நீங்க இப்படிப் பண்ணுவீங்கன்னு நெனைக்கலம்மா," என்றார்.

முந்தின நாள் அவர் வீட்டு நம்பருக்கு ஒரு பெண் பேசியிருக்கிறாள். ஏதோ தனியார் பரிசோதனை மையமாம். அபூர்வ ரத்த வகைக்காரர்களைச் சேர்க்கும் புது ஆப் ஒன்று வந்திருக்கிறது, பதிந்துகொள்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாள். போனை எடுத்தது மனைவி. இந்தத் தேதியில் கடைசியாகக் கொடுத்திருக்கிறாரே, அடுத்ததற்கு நாள் வந்துவிட்டதே என்று அந்தப் பெண் விவரமாகச் சொல்லியிருக்கிறாள். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வேற யாராவது..." என்று ஆரம்பித்தாள் போனக்கா.

"அந்தப் பொண்ணு என் பேரக் கேக்கலம்மா. 'வெல்டர் அண்ணன் இருக்காரா'ன்னு கேட்டிருக்கு. என்ன அப்படிக் கூப்பிடறது நீங்க ஒருத்தர்தான்."

போன் வைக்கப்பட்டது. நீல நோட்டு மேசை இழுப்பறையில் பூட்டியே இருந்தது. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில். யோசிக்க ஒன்றுமே இல்லை. ஆனாலும் அரைமணி நேரம் வேறு ஏதாவது வழி இருக்குமா என்று தேடித்தேடிப் பார்த்தாள். லேப் டெக்னீஷியனைக்கூடச் சந்தேகப்பட்டுப் பார்த்தாள். பிறகு அரைநாள் லீவு சொல்லிவிட்டு மகளுடைய ஆபீசுக்குப் பஸ் ஏறினாள்.

ஐந்தாம் மாடி. கண்ணாடிக் கதவு. அதற்கு மேல் விடவில்லை. மகள் வெளியே வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே அவளை மாடிப்படித் திருப்பத்துக்குக் கூட்டிப்போனாள். காபிக் கோப்பையோடு ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவர்களை ஒதுங்கிக் கடந்தார்கள்.

"வெல்டர் அண்ணன் வீட்டுக்கு யாரோ பேசியிருக்காங்க," என்றாள் போனக்கா. இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று மகள் சொல்லிவிட மாட்டாளா என்று அப்போதும் ஒரு நப்பாசை இருந்தது.

மகள் கைப்பிடிச் சுவரைப் பார்த்தாள். "அந்த மையத்துக்கு எங்க ஆப்பக் காட்டற டெமோக்கு மட்டும்தான் குடுத்தேம்மா. பொய்யான டேட்டா வெச்சா கஸ்டமர் நம்ப மாட்டாங்க. அவங்க அதையே எடுத்துப் பேச ஆரம்பிப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பிரைவேட்னு சொன்னியே."

"அது புரோகிராமோட மத்த பகுதிங்க தெரியாம கைவெக்கக் கூடாதுங்கறதுக்கும்மா. ஃபைல் கையில இருந்தா யார் வேணும்னாலும் தொறந்து படிக்கலாம். பூட்டு இல்ல அது."

"அத ஏன் அப்ப சொல்லல?"

மேலேயிருந்து யாரோ மகளைக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று கையைக் காட்டினாள். போனக்காவுக்கு ஒன்றே ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் போய்விடலாமென்றும் இருந்தது.

"எனக்குச் சொல்லிக் குடுக்க வந்தியே. அது இதுக்காகத்தானா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல." மகளின் கண் கலங்கியது. "மொத மூணு வாரம் உனக்காகத்தான் வந்தேன்."

போனக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான்காவது வாரத்தைப் பற்றி அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மீட்டிங் இருக்கும்மா, சாயங்காலம் பேசறேன்" என்றாள்.

லிப்ட் இருந்தும் போனக்கா ஐந்து மாடியும் இறங்கியே வந்தாள். அந்த நான்காம் ஞாயிறு பகல் முழுவதும் அவள் கண்ணில் ஓடியது. தான் ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு குறிப்பாக, மூச்சு வாங்க வாசித்தது. தையல்காரம்மாவின் மகனைப் பற்றி வாசித்தபோது மகள் தட்டுவதை நிறுத்திவிட்டு "பாவம்மா" என்றது. சொல்லிவிட்டு அதையும் தட்டியது.

மறுநாள் தலைமை டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நின்றாள். என்னிடமிருந்துதான் போனது என்றாள். யார் வழியாக என்று டாக்டரம்மா கேட்டார். "என் பொண்ணு" என்றாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பதினேழு வருஷத்துல உங்க மேல ஒரு புகார் வந்ததில்ல. அதனாலதான் எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல," என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. பரிசோதனை மையத்துக்கும் கம்பெனிக்கும் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் போகும், அவர்கள் எல்லாவற்றையும் அழிக்கவேண்டும் என்றார். ஆனால் போன் மேசை இனிமேல் வேறொருவருக்கு. போனக்கா ரத்தப் பைகளுக்கு லேபிள் ஒட்டும் அறைக்குப் போகவேண்டும்.

"ஒரு வாரம் டைம் குடுங்க மேடம். நாப்பத்து மூணு பேர்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சுற்றிவளைக்காமல் சொன்னாள்: உங்கள் விவரம் என் கைவழியாக வெளியே போய்விட்டது, தெரியாத நம்பரிலிருந்து பேசினால் பதில் சொல்லவேண்டாம், என்னை மன்னியுங்கள். பஸ் டிரைவர் "விடுங்கக்கா, எனக்கு தினமும் பத்து பேரு லோன் வேணுமான்னு பேசறான், இது பதினொண்ணு" என்று சிரித்தார். கணக்கு டீச்சர் என்னென்ன விவரம் போனது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு, தன் பெயரை அடித்துவிடச் சொன்னார். ஒன்பது பேர் அப்படிச் சொன்னார்கள். தையல்காரம்மா முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "என் பையன் விஷயமும் அதுல இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது என்றாள் போனக்கா. அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. போனை வைக்கக்கூட இல்லை அவர்.

வெல்டர் அண்ணன் எடுக்கவில்லை. அவர் வீட்டுக்கே போய் மனைவியிடம் பேசிப்பார்க்கலாமா என்று நினைத்தாள். அதுவும் வேறெதற்கோ கொடுத்த விலாசத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் வாசலில் போய் நிற்பதுதானே என்று தோன்றியது. போகவில்லை.

கப்பலிலிருந்து கணவர் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னாள். இடையிடையே லைன் அறுந்து அறுந்து வந்தது. முழுதும் கேட்டுவிட்டு அவர், "நம்ம பொண்ணுதானே, வேற யாரோவா? சின்ன வயசு. பெருசு பண்ணாத," என்றார். மகள் முந்திக்கொண்டு அவரிடம் பேசிவிட்டாள் என்று அவளுக்குப் புரிந்தது. "சரி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுப் பேச்சை முடித்தாள்.

லேபிள் அறையில் ஜன்னல் கிடையாது. பையை எடு, எண்ணைப் பார், ஒட்டு, அடுக்கு. இரண்டு மாதத்தில் கை பழகிவிட்டது. வீட்டில் அந்தப் பழைய லேப்டாப்பைத் திறந்து, நாற்பத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராக அழித்தாள். மொத்தமாக அழிக்க வழி இருப்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை படித்துவிட்டுத்தான் அழித்தாள். கிளாஸை மட்டும் விட்டுவைத்தாள். அது வெறும் படிவம். அதில் ஒருவரும் இல்லை. அதற்கப்புறம் அதைத் திறக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் பிரசவ வார்டில் ஒருத்திக்கு ஓ நெகட்டிவ் அவசரமாகத் தேவைப்பட்டது. போன் மேசைக்குப் புதிதாக வந்த பெண் பதிவேட்டைப் பார்த்து வரிசையாக எல்லாரையும் கூப்பிட்டாள். அரைமணியில் வெல்டர் அண்ணன் வந்தார். லேபிள் அறை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். போகும்போது பார்க்கவில்லை. கொடுத்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு திரும்பும்போது வாசலில் நின்றார்.

"உங்களுக்காக வரல," என்றார்.

"தெரியும்ண்ணா. அவங்க திரும்பி வந்துட்டாங்களா?"

"வந்துட்டா. பேசறதில்ல." அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். அவர் உட்காராமல் போய்விட்டார். அவர் கொடுத்த பை சற்று நேரத்தில் அவள் மேசைக்கு வந்தது. இன்னும் சூடாக இருந்தது. எண்ணை இருமுறை சரிபார்த்து ஒட்டினாள்.

மகளுக்கு ஆபீசில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வேறு வேலையில் போட்டார்கள், அவ்வளவுதான். நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அம்மாவுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு குடை வாங்கி வந்திருந்தாள். "எல்லாம் அழிச்சாச்சும்மா, நானே நின்னு பாத்தேன்," என்றாள். சரி என்றாள் போனக்கா. இன்னும் கோபமா என்று கேட்டாள். "கோவமெல்லாம் இல்ல. கை கழுவிட்டு வா," என்றாள்.

பொய் சொல்லவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது. போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அது தெரிந்தது அன்று பகலில்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் எடுத்துவரச் சமையலறைக்கு எழுந்தாள். மேசையில் இருந்த தன் போனையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து வைத்தாள். மறுபடி உப்பு எடுக்க எழுந்தபோதும் எடுத்துக்கொண்டாள். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டபோதும் எடுத்துக்கொண்டாள். அவள் எதையும் யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது.

மூன்றாவது முறை மகள் அதைப் பார்த்துவிட்டாள். தட்டில் வைத்த கை அப்படியே நின்றது. அவள் பார்த்ததைப் போனக்காவும் பார்த்தாள். போனைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். வைக்கக் கை வரவில்லை.

"இதோ வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, அதைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போனாள்.